என் காரின் பின் சீட்டு

அந்தக் காரை நான் வாங்கும்போதே அதற்கு வயது பதினைந்துக்கு மேல். வெள்ளைக்காரன் காலத்து வண்டி. எனக்கு முன்னால் நாலு பேர் ஓட்டிப் பார்த்துவிட்டு ஐந்தாவதாக என் தலையில் கட்டினார்கள். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மரத்தடியில் மூன்று வாடகைக் கார்கள் நிற்கும். அதில் கிழடு என்னுடையதுதான். அறுபதுகளின் நடுவில் எனக்கு முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதிருக்கும். ஆனால் காலையில் கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்காரும்போதே அறுபது வயதுக்காரன் மாதிரி ஒரு பெருமூச்சு வரும். கல்யாணம், சாவு, கோர்ட்டு, ஆஸ்பத்திரி என்று எதற்குக் கூப்பிட்டாலும் ஐந்து பேர் உட்காரும் வண்டியில் ஒன்பது பேர் ஏறுவார்கள். பத்தாவது ஆள் ஏறும்போது நான் வாயைத் திறப்பதில்லை. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

அந்த வருஷம்தான் நைனார் வீட்டு அம்மாவுக்கு நான் வியாழக்கிழமை வண்டி ஓட்ட ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்தில் தமிழ்ச் சமணர்களை நைனார் என்பார்கள். பஜாரில் வேர்க்கடலை மண்டி, எங்கள் பேச்சில் மல்லாட்டை மண்டி, வைத்திருந்தவர் அந்த அம்மாவின் ஒரே மகன். அம்மாவுக்கு அறுபது வயதுக்குள்தான். கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு பிசகிவிட்டது. பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இடுப்புக்குக் கரண்ட் வைத்துச் சூடு கொடுத்தார்கள். வாரம் ஒரு தடவை, இருபது வாரம். நடுவில் விட்டால் காலம் பூராவும் கோல்தான், முடித்துவிட்டால் கோலைத் தூக்கிப் போட்டுவிட்டு நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அந்த வீட்டில் வியாழக்கிழமைக்கு மேல் வேறு நாள் கிடையாது.

அந்த அம்மா பின் சீட்டில் தலையணை வைத்து ஒருக்களித்துச் சாய்ந்துகொள்வார். வேறு யாருக்கும் அங்கே இடம் இருக்காது. முன் சீட்டில் என் பக்கத்தில் மண்டிக் கணக்குப்பிள்ளை உட்கார்ந்து வருவார். அவருடைய வேலை ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்குவதும், திரும்பும்போது வானத்தைப் பார்ப்பதும். பொழுது சாய்ந்துவிட்டால் அந்த வீட்டில் யார் பல்லிலும் ஒரு பருக்கை படாது. வெளியிலும் சாப்பிடமாட்டார்கள். தண்ணீரைக்கூடத் துணியில் வடிகட்டி வீட்டிலிருந்தே கொண்டு வருவார்கள். காலையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும் அம்மா, வெளிச்சம் இருக்கும்போது வீட்டுக்குத் திரும்பினால்தான் அடுத்த வேளை. அவர் சாப்பிடாமல் மகனும் சாப்பிடமாட்டார் என்று கணக்குப்பிள்ளை முதல் நாளே எனக்குச் சொல்லிவைத்தார்.

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்கு வரும் ரோடு நேர் மேற்கே போகும். சாயங்காலத்தில் சூரியன் கண்ணாடி வழியாக முகத்தில் அடிக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. ஊர் நெருங்க நெருங்க, ராஜகிரி மலை குறுக்கே நின்று சூரியனை நேரத்துக்கு முன்பே விழுங்கிவிடும். மலை மறைத்த பொழுது கணக்கில்லை, மலைக்கு அந்தப் பக்கம் சூரியன் இன்னும் நிற்கிறது என்று கணக்குப்பிள்ளை வாதம் செய்வார். இருந்தாலும் அம்மா அதை ஒப்புக்கொள்வாரோ மாட்டாரோ என்று அவருக்கே சந்தேகம். ஆகவே வல்லம் தாண்டியதும் அவர் கை என் தொடையைத் தட்ட ஆரம்பிக்கும். நானும் மிதிப்பேன். பள்ளம் மேடு பார்க்காமல் மிதிப்பேன். அந்த வீட்டுக்கு நான் செய்யக்கூடிய பெரிய உபகாரம், பொழுதோடு கொண்டுபோய் இறக்குவதுதான் என்று நினைத்திருந்தேன்.

நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ வண்டியின் பின்பக்கம் சத்தம் கொடுக்கத் தொடங்கியது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் கடக், கடக் என்று ஒரு அடி. வளைவில் திரும்பினால் பின்பக்கம் தனியாக ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் பின்னால் வரும். ஆள் நிறைய ஏறினால் டயர் மட்கார்டில் உரசி ரப்பர் நாற்றம் அடிக்கும். முதலில் ஷாக் அப்சார்பர்தான் என்று முடிவு கட்டினேன். எண்ணெய் ஊற்றினேன். இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு மூன்றாம் நாள் பழையபடி கடக் என்றது. டிக்கியில் ஏதாவது கிடந்து உருளுகிறதோ என்று ஜாக்கி, ஸ்பேனர் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு ஓட்டினேன். கடக் என்றது. எனக்கு வந்த எரிச்சலில் டிக்கிக் கதவை அடித்த அடியில் பூட்டு கெட்டுப்போனதுதான் மிச்சம்.

வண்டியின் நிலையைப் பார்க்க சமதரை வேண்டும். செஞ்சியில் பாறைக்குப் பஞ்சமில்லை, சமதரைக்குத்தான் பஞ்சம். மண்டிக்குப் பின்னால் மல்லாட்டை காயப்போடும் சிமெண்டுக் களம் இருந்தது. முதலாளியிடம் கேட்டு, காய் அள்ளிய பிறகு வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். தரையிலிருந்து மட்கார்டு விளிம்புவரை சாண் போட்டு அளந்தேன். இடது பக்கம் வலது பக்கத்தைவிட நாலு விரல் இறக்கம். இரண்டு பக்கமுமே, இருக்க வேண்டியதைவிடத் தாழ்ந்துதான் இருந்தது. கீழே படுத்துப் பார்த்தேன். பின் அச்சைத் தாங்கும் பட்டைகள், ஒன்றின்மேல் ஒன்றாக வில் மாதிரி வளைந்திருக்க வேண்டியவை, நிமிர்ந்து தட்டையாகப் படுத்துக் கிடந்தன. இடது பக்கம் இரண்டாவது பட்டை நடுவில் உடைந்துபோயிருந்தது. பட்டை மாட்டும் இடத்தில் ஒரு கடப்பாரையைக் கொடுத்து நெம்பினேன். கட்டை விரல் அளவுக்கு ஆடியது. உள்ளே குலுக்கலை வாங்கிக்கொள்ள இருக்க வேண்டிய ரப்பர் புஷ் பொடிப்பொடியாகி, வெறும் இரும்பும் இரும்பும் அடித்துக்கொண்டிருந்தன. ஒன்பது பேரை ஏற்றிய பாவம் எல்லாம் அங்கேதான் சேர்ந்திருந்தது.

செஞ்சியில் பட்டை வேலைக்கு ஒரே ஆள், திண்டிவனம் ரோட்டில் பட்டறை வைத்திருந்தவர். லாரிக்கும் மாட்டு வண்டிக்கும் வேலை பார்த்தே கை பழகியவர். அவரிடம் எந்த வண்டியைக் கொண்டுபோனாலும் கேட்பது ஒரே கேள்வி: எவ்வளவு பாரம் ஏற்றுவே? நான் ஒன்பது பேர் என்றேன். வியாழக்கிழமையைப் பற்றி அவரிடம் நான் சொல்லவே இல்லை. பின் சீட்டில் ஒரே ஒரு அம்மா, அதுவும் எலும்பும் தோலுமாக, இடுப்பு பிசகிப்போய் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அது தோன்றவில்லை. எங்கள் ஊரில் வண்டியை நல்லதாக்குவது என்றால் வலுவாக்குவது என்றுதான் அர்த்தம். அவருக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான்.

உடைந்த பட்டைக்குப் பதில் வேறு போட்டார். அதோடு நிற்காமல் லாரிப் பட்டை ஒன்றை வெட்டி, வளைத்து, பக்கத்துக்கு ஒன்றாகக் கூடுதலாகச் சேர்த்தார். ரப்பர் புஷ்ஷுக்கு மெட்ராஸ் போக வேண்டும். அதற்குப் பதிலாகப் பித்தளையில் கடைந்து அடித்துக் கொடுத்தார். இனி உன் ஆயுசுக்கும் தேயாது என்றார். வண்டி பின்பக்கம் தூக்கிக்கொண்டு, கொழுத்த கடா மாதிரி நின்றது. கடக் சத்தம் அடியோடு போயிற்று. ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு மேல்மலையனூர் போய் வந்தேன். டயர் உரசவில்லை. ஸ்டாண்டில் இருந்த மற்ற இரண்டு டிரைவர்களும் குனிந்து பார்த்துவிட்டுப் பொறாமைப்பட்டார்கள். எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்ததும் அந்த அம்மாவிடம் வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நல்லா இருக்குதுப்பா என்றார். அதற்கு அடுத்த வாரமும் கேட்டேன். அதையேதான் சொன்னார். ஒரு மாதம் இப்படிப் போயிற்று. ஒவ்வொரு வாரமும் முந்தின வாரத்தைவிடச் சீக்கிரம் கொண்டுவந்து இறக்கினேன். ஆனால் காரிலிருந்து அவர் இறங்க எடுத்துக்கொள்ளும் நேரம்தான் கூடிக்கொண்டே போனது. வைத்தியம் நடக்க நடக்க வலி குறைய வேண்டுமே என்று ஒரு தடவை நினைத்தேன். நினைத்துவிட்டு டாக்டர் பாடு என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு நாள் வண்டியைக் கழுவும்போதுதான் பார்த்தேன். பின் ஜன்னலுக்கு மேலே பிடித்துக்கொள்ள ஒரு தோல் வார் உண்டு. அந்த அம்மா உட்காரும் பக்கத்து வார் ஒரு முனையில் தையல் பிரிந்து தொங்கியது. முரட்டு வார் அது. ஒன்பது பேர் தொங்கினாலும் அசையாதது. வியாழக்கிழமைக்குப் பிறகு நான் வேறு சவாரியும் போகவில்லை. வலுவில்லாத ஒரு கை அதைப் பிரிக்கும் அளவுக்குப் பிடித்து இழுத்திருக்க வேண்டுமென்றால், அது எப்படிப்பட்ட இழுப்பு? கழுவுகிற துணியை வாளியிலேயே போட்டுவிட்டு நின்றேன்.

நான் அந்தக் காரின் பின் சீட்டில் உட்கார்ந்ததே கிடையாது. ஏழு வருஷம் ஓட்டியிருக்கிறேன், ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. டிரைவர் பின்னால் உட்காருவது எங்கள் ஸ்டாண்டில் ஒரு கேலி. துரை ஆயிட்டியா என்பார்கள். அன்றைக்குக் கேலியைப் பார்க்காமல் பக்கத்து வண்டி டிரைவரிடம் சாவியைக் கொடுத்து, வல்லம்வரை போய்த் திரும்பு, வியாழக்கிழமை நான் ஓட்டுகிற மாதிரியே ஓட்டு என்றேன். தலையணை வைத்து அந்த அம்மா மாதிரியே ஒருக்களித்துச் சாய்ந்துகொண்டேன்.

முதல் பள்ளத்திலேயே என் பல் மோதி நாக்கு கடிபட்டது. பட்டை மடங்கிக் கொடுத்தால்தானே? ஒன்பது பேர் பாரத்துக்குச் செய்த பட்டை, ஒற்றை ஆளுக்கு ஏன் வளையப்போகிறது? ரோட்டில் கிடந்த ஒவ்வொரு கல்லும் பித்தளை வழியாக ஏறி, சீட்டு வழியாக ஏறி, நேராக முதுகுத்தண்டில் வந்து உட்கார்ந்தது. வண்டி மிதக்கவில்லை, குதித்தது. முன் சீட்டில் இதில் கால்வாசிகூடத் தெரியாது. வல்லம் போவதற்குள் நான் அந்த வாரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். போதும், நிறுத்து என்று கத்தினேன். நல்ல இடுப்பு உள்ளவன் பாடே இப்படி என்றால் என்று நினைத்தபோது, எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. சத்தத்தை வலி என்று நினைத்துவிட்டேன். சத்தம் போனதும் வலியும் போய்விட்டதாக ஒரு மாதம் மார்தட்டிக்கொண்டிருந்தேன்.

பட்டறைக்காரரிடம் போய், கூடுதலாகச் சேர்த்த பட்டையைக் கழற்ற வேண்டும் என்றேன். அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பட்டை பத்தலைன்னு வந்தவன பாத்திருக்கேன். போட்ட பட்டைய கழட்டச் சொல்ற மொத ஆளு நீதான்."

மனஸ்தாபத்தோடுதான் கழற்றினார். மறுநாள் பஸ் ஏறி மெட்ராஸ் போனேன். வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கி, என் வண்டிக்கு அளவான ரப்பர் புஷ்ஷும், ஷாக் அப்சார்பருக்கு உள்ளே போடும் சீலும் தேடிப் பிடித்தேன். திரும்பி வந்ததும் பழைய பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, உலையில் காய்ச்சி வளைவு ஏற்றி, பதம் பார்த்துத் தோய்த்து எடுத்தோம். இடையில் துருவைச் சுரண்டி கிரீஸ் பூசி, ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும்படி அடுக்கினோம். மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் சவாரி இல்லை. கடைசியில் களத்தில் நிறுத்தி அளந்தால் இரண்டு பக்கமும் ஒரே சாண். பின்பக்கத்தைக் கையால் அழுத்தி விட்டால் ஒரு தடவை அமுங்கி எழுந்து அப்படியே நின்றது. இனி ஒன்பது பேரை ஏற்ற முடியாது. ஐந்துக்கு மேல் இல்லை என்று ஸ்டாண்டில் சொல்லிவிட்டேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இருந்தேன்.

அந்த வியாழக்கிழமை காலையில் திண்டிவனம் தாண்டியதும் பின்னால் சத்தமே இல்லை. கணக்குப்பிள்ளை திரும்பிப் பார்த்துவிட்டு, அம்மா தூங்குறாங்க என்று ரகசியமாகச் சொன்னார். பத்து வாரத்தில் அவர் வண்டியில் தூங்கியது அதுதான் முதல் தடவை. கிளியனூர் தாண்டும்வரை நான் ஹாரன் அடிக்கவில்லை.

ஆனால் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கூட்டம். கரண்ட் வைத்து முடிக்கவே மூன்றரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. திண்டிவனத்தில் ரயில்வே கேட்டைச் சாத்திவிட்டார்கள். கூட்ஸ் வண்டி அசைந்து அசைந்து போவதற்குள் கணக்குப்பிள்ளை மூன்று தடவை இறங்கி ஏறினார். கேட்டுக்கு இந்தப் பக்கம் மண்டி வேலையாக ஒருவரைப் பார்க்க வேண்டியிருந்ததால் அவர் அங்கேயே இறங்கிக்கொண்டு, பஸ்ஸில் வந்துவிடுகிறேன், நீ நிற்காமல் போ என்று என்னை விரட்டினார். நான் மிதித்தேன். சூரியன் நேர் எதிரே, கண் கூசிற்று. நல்ல பட்டையாக இருந்தால் என்ன, அந்த ரோட்டில் அந்த வேகத்தில் போனால் வண்டி அடிக்கத்தான் செய்யும். நாலு மைல் போயிருப்போம்.

"தம்பி, கொஞ்சம் மெதுவா போவியா?"

அந்தப் பத்து வாரத்தில் அவராக என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. பொழுது இறங்குகிறதே அம்மா என்றேன்.

"எறங்கட்டும்பா. ஒரு வேள துன்னலைன்னா உசுரு பூடாது. இந்தக் குலுக்கல்தான் என் உசுர எடுக்குது."

நான் காலை எடுத்தேன். வண்டி மாட்டு வண்டி வேகத்துக்கு வந்தது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தலையணையைச் சரிசெய்துகொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் துன்னாத்தான் எம்புள்ள துன்னுவான். அவன் பசி தாங்கமாட்டான்பா, சின்னதுலேர்ந்தே. இன்னிக்கி என்னால முடியல."

வீட்டில் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். வலிக்கிறது என்று தெரிந்தால் பாண்டிச்சேரியிலேயே வீடு பார்த்து உட்காரவைத்துவிடுவானாம் மகன். அங்கே போய்த் தனியாகக் கிடக்க அவருக்கு இஷ்டமில்லை. சரி அம்மா என்றேன். அந்த மகனுக்காக இவர் பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருக்கிறார். இவருக்காக அந்த மகன் பசியோடு வாசலைப் பார்த்திருக்கிறார். நடுவில் நான் இரண்டு பேருக்கும் நல்லது செய்கிறேன் என்று ஆக்சிலேட்டரை மிதித்திருக்கிறேன்.

மலை சூரியனை விழுங்கிற்று. பிறகு மலைக்கு அந்தப் பக்கமும் வெளிச்சம் போயிற்று. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது பஜாரில் விளக்கு எரிந்தது. மகன் வாசலிலேயே நின்றிருந்தார். பசியில் முகம் வற்றிக் கிடந்தது. அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். அம்மாவுக்கு இன்றைக்குப் பட்டினி என்றார். அந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, வழியில கேட்டு சாத்திட்டாங்கப்பா என்று எனக்காகச் சொன்னார். கேட்டு எல்லா வாரமும்தான் சாத்துறாங்க என்றார் மகன். பிறகு என்னிடம் சொன்னார்:

"ஒன் ஓட்ட வண்டிய நம்பி அனுப்புனேன் பாரு, என்னையத்தான் சொல்லணும்."

மூன்று நாள் உலையில் வெந்தது, மெட்ராஸ் வெயில், ஸ்டாண்டில் சிரித்த சிரிப்பு எல்லாம் சேர்ந்து எனக்குத் தலைக்கேறிவிட்டது. அந்த அம்மாவின் பக்கம் நான் பார்க்கவேயில்லை.

"அப்ப வேற வண்டி பாத்துக்குங்க மொதலாளி."

சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பிவிட்டேன். திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். மகன் உள்ளே போய்விட்டார். அந்த அம்மா மட்டும் கதவைப் பிடித்தபடி வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வியாழக்கிழமை ஸ்டாண்டில் எனக்குப் பக்கத்தில் நின்ற புது வண்டியைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். சாயங்காலம் வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே அது திரும்பி வந்தது. அந்த டிரைவர் எத்தனை மணிக்குள் வந்தான் என்று எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தான். மூன்று வாரம் அப்படிப் போனது. நாலாவது வாரம் கூப்பிட ஆள் வரவில்லை. இடுப்பு சரியாகிவிட்டது, இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டாராம். கணக்குப்பிள்ளை சந்தோஷமாகச் சொன்னார். இருபது வாரத்தில் பதிமூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

அது பொய் என்று செஞ்சியில் எனக்கு மட்டும்தான் தெரியும். மெதுவாகப் போனால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்றும் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த அம்மா சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. வலியைப் பற்றிப் பேசாமலே, இனி நானே ஓட்டுகிறேன், ஒரு நாள் இருட்டினாலும் கோபிக்காதீர்கள் என்று கேட்டிருக்கலாம். அதற்காக நாலு தடவை மண்டிவரை நடந்து போனேன். நாலு தடவையும் முதலாளி தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்ததுபோலக்கூட இருந்தது. முதலில் மன்னிப்பு என்று ஒரு வார்த்தையைச் சொல்லியாக வேண்டும். அது எனக்கு வரவில்லை. மல்லாட்டை விலை கேட்க வந்தவன் மாதிரி குவியலில் இரண்டு காயை எடுத்து உடைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். அந்த அம்மா கடைசிவரை கோல் ஊன்றித்தான் நடந்தார்.